துறைமுகத்தில் நலமாக இருந்த ஒரே ஆள்

அன்புள்ள அக்கா, கடிதம் தொடங்குவதற்கு முன் எழுதுகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்பவர் அப்பா, எழுதுபவள் நான். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் அழகுபடுத்த மாட்டேன், எதையும் விட மாட்டேன் என்று அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். அப்பா பேச்சில் சொல்வதை நான் எழுத்துத் தமிழில் மாற்றிக்கொள்கிறேன், பொருளை மாற்றவில்லை. என் சொந்த வார்த்தை எங்காவது வந்தால் அதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். இனி அப்பா.

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், சின்னவள் நலம், நானும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். மூன்றாவது நலம் வந்ததும் எழுதிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். சரி, மாற்றிச் சொல்கிறேன். உன் அம்மா நலம். இறால் உரிக்கும் கொட்டகையில் நாள் முழுவதும் ஐஸ் தண்ணீரில் கையை வைத்து வலது கைக் கட்டைவிரலில் நகக்கண் புண்ணாகி இப்போது ஆறிவருகிறது. சின்னவள் நலம், இருமல் போய்விட்டது, பரீட்சையில் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டாள். நான் நலமில்லை. இதை எழுதச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன், ஏனென்றால் விஷயம் துறைமுகம் முழுவதும் தெரிந்துவிட்டது, யாரோ செல்போனில் படம்கூடப் பிடித்தார்களாம், அது உனக்கு வந்து சேர எத்தனை நாளாகிவிடப் போகிறது.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று நீ நினைப்பாய். போனைப் பற்றித்தான் முதல் உண்மையே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்று இவள் சொன்னாளே, அப்போதெல்லாம் நான் இவளுக்குப் பக்கத்தில் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்கும். உனக்குச் சளி பிடித்திருந்த வாரம் நீ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது. கையை ஆட்டி, இல்லை என்று சொல் என்று நான்தான் சைகை காட்டுவேன். ஒரு தடவை நீ, இந்த நிலா வெளிச்சத்தில் எந்தப் படகு கடலுக்குப் போகும் என்று கேட்டுவிட்டாய். படகுக்காரன் மகளிடம் சொல்லும் பொய்யைக்கூட நாள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது. இவள் முகம் சிவந்துபோய், வலை தைக்கப் போயிருக்கிறார் என்று மாற்றினாள். அப்படியா என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் உண்மையைப் பற்றிப் பேசிக் கோப்பை வாங்கிய பெண்ணை வீட்டில் உட்கார வைத்துப் பொய் சொல்லப் பழக்கினேன். அவள் இன்றைக்கு இத்தனை கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் நான்தான்.

(அக்கா, கோப்பை இரண்டாம் பரிசுதான். அப்பா எல்லோரிடமும் முதல் பரிசு என்று சொல்கிறார்.)

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். படகில் எங்கள் வேலை உனக்குத் தெரியாததில்லை, ஆனால் நான் நின்ற இடம் எது என்று புரிவதற்காகத் திரும்பச் சொல்கிறேன். நிலா வெளிச்சத்தில் எங்கள் விளக்குக்கு மீன் கூடாது, அதனால் நிலா இல்லாத இருட்டு வாரங்களில்தான் சாயங்காலமே போய் நங்கூரம் போட்டு இரண்டு பக்கமும் பல்புகளை எரியவிடுகிறோம். வெளிச்சத்துக்கு மீன் வந்து கூடும். கூடிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் நிற்கிறவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்து நேரம் வந்ததும் ‘ஆஃப்’ என்று ஒரு சொல் சொல்வான். உடனே எல்லா பல்பும் அணைந்து நடுவில் உள்ள சின்ன விளக்கு மட்டும் எரியும், மீன் முழுவதும் அதன் அடியில் வந்து ஒடுங்கும், வலையைத் தூக்குவார்கள். சீக்கிரம் சொன்னால் மீன் சேர்ந்திருக்காது, தாமதித்துச் சொன்னால் கலைந்துவிடும். அதனால்தான் விளக்கு ஏற்றியதிலிருந்து அந்தச் சொல் வரும்வரை படகில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, பின்னால் நிற்கிறவனுக்கு யோசனை சொல்லக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது. அது எங்கள் படகில் நான் போட்ட சட்டம் இல்லை, எல்லாப் படகிலும் அப்படித்தான். இத்தனை வருடமாக அந்த இடத்தில் நின்றவன் நான். உன் மாமா ஜெனரேட்டர் பக்கம் நிற்பார், நெட்டை என்று நாம் கூப்பிடுகிறவனும் மற்ற ஆட்களும் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு வருடமாகவே மீன் இல்லை. கரையிலிருந்து முன்பு போன தூரத்தைப் போல இரண்டு மடங்கு போகிறோம், டீசல் போகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடக்கிறது, சும்மா விளக்கைக் கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறோம். ஆனால் நான் சொல்லப்போகும் அன்றைக்கு மீன் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. பல்புக்கு அடியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. நெட்டை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. அந்தச் சொல் வாயில் வரவில்லை. பயம் இல்லை, மயக்கம் இல்லை, சொல்லத் தெரியாமலும் இல்லை. சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று உள்ளே யாரோ கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டது போல இருந்தது. அவர்கள் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் இருமக்கூட இல்லை. விடிகிறவரை நின்றோம். வெளிச்சம் வந்ததும் மீன் அது பாட்டுக்குப் போய்விட்டது. நானே போய் ஒவ்வொரு பல்பாக அணைத்தேன். திரும்பி வரும்போது நெட்டை எனக்கு டீயை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனான். கரையில் கேட்டவர்களிடம் ஜெனரேட்டர் படுத்துவிட்டது என்று உன் மாமா சொன்னார். ஜெனரேட்டரைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர் அதன் பேரில் எனக்காகப் பழி போட்டார்.

அடுத்த தடவையும் அப்படித்தான் ஆயிற்று. அதற்கடுத்து நான் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அப்படியே மூன்று இருட்டு போய்விட்டது. மாமாதான் பின்னால் நிற்கிறார், பாவம், அவருக்குக் காது ஜெனரேட்டரிலேயே இருக்கும், கண் தண்ணீரில் நிற்காது, கிடைப்பதில் பாதி கலைந்துவிடுகிறது. ஏன் இப்படி ஆனது என்று மட்டும் கேட்காதே. காரணம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வெட்கம் இருந்திருக்காது. படகை மூழ்கக் கொடுத்தவன் இருக்கிறான், தம்பியைக் கடலில் விட்டவன் இருக்கிறான், அவனெல்லாம் எழுந்து வேலைக்குப் போகிறான். எனக்கு வீடு இருக்கிறது, படகு இருக்கிறது, முத்து மாதிரி இரண்டு பெண்கள். நான் பகலெல்லாம் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ராத்திரி விளக்கை அணைக்க முடியவில்லை. சுவிட்ச் வரைக்கும் கை போகும், அமுக்காது. அம்மாவும் இவளும் கண்ணின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். உன் அம்மா சும்மா இருப்பாளா. ஒரு நாள் துண்டுக்கு அடியிலிருந்தே சொன்னாள்.

“விடிய விடிய எரிய விட்டாலும் இந்த வீட்டுக்கு மீன் ஒண்ணும் வந்து கூடப்போறதில்ல. கரண்டு பில்லுதான் வரும்.”

அவள் சொன்னதும் சின்னவள் துண்டுக்குள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போதுதான் இது வயிறு இல்லை என்று உன் அம்மாவுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு அவள் கரண்டு பில்லைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவள்.

இனிமேல்தான் பெரிய அவமானம். நிலா வாரங்களில் எந்தப் படகும் போகாது என்பதால் அந்த வாரங்களில் மட்டும் நான் துறைமுகத்துக்குப் போவேன். யாரும் போகாத நாளில் நான் போகாதது தெரியாது அல்லவா. ஏலக் கொட்டகையில் எல்லோரோடும் உட்கார்ந்து வலை தைக்கிற மாதிரி இருப்பேன். அப்படி ஒரு நிலா வாரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மாவும் கூட ஒரு பையனும் வந்தார்கள். மீன்பிடித் தொழிலில் வருமானம் குறைந்துபோனவர்களுக்கு மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சி. நல்ல அம்மா, மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பிடிக்காதவர். கொட்டகை மூலையில் படுதா கட்டி, மேஜை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். உள்ளே கேட்பது வெளியே தெரியக் கூடாது என்பது அவர் ஏற்பாடு. நம் ஆட்கள் வெளியே வந்ததும் என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்கள். கடந்த இரண்டு வாரத்தில் ராத்திரி தூக்கம் இல்லாமல் இருந்ததா என்று கேட்டாராம். ராத்திரி தொழில் செய்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் எங்கே வரும், தினமும்தான் தூக்கம் இல்லை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாள் உண்டா என்றால் நிலா வாரம், எல்லா நாளும் என்று சொல்லியிருக்கிறார்கள். பகலில் படுத்தே கிடந்தது உண்டா, உண்டு. சாப்பாட்டு நேரம் தவறியது உண்டா, எப்போதுமே. வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றியதா என்று நெட்டையிடம் கேட்டிருக்கிறார். அவன் படுதாவை விலக்கித் தலையை வெளியே நீட்டிச் சொன்னான்.

“எம்மா, அத என் பொண்டாட்டிகிட்ட கேளுங்க. அவ பட்டியலே வச்சிருக்கா.”

கொட்டகை முழுவதும் சிரித்தது. யாரும் அந்த அம்மாவை ஏமாற்றவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். என் முறை வந்தது. அந்த அம்மா மெதுவான குரலில்தான் கேட்டார். எனக்கு ஒவ்வொரு கேள்வியும் என் பின்னறையைப் பார்த்துவிட்டு வந்து கேட்பது போல இருந்தது. வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போவதென்றால் எனக்கு உற்சாகம், யாருக்கும் பாரமில்லை, வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். விளைவு என்ன ஆனது தெரியுமா. அவர் கணக்குப்படி துறைமுகத்தில் உள்ளவன் எல்லாம் நோயாளி. நலமாக இருப்பவன் நான் ஒருவன்தான்.

(அக்கா, இந்த இடத்தில் அப்பா சிரித்தார். சத்தமில்லாமல்தான், ஆனால் தோள் குலுங்கியது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.)

பிறகு ஒரு நாள் அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யார் என்ன சொன்னார்கள் என்று எப்போதும் வெளியே சொல்ல மாட்டோம், அதனால் உங்களிடம் மட்டும் கேட்கிறேன் என்று ஆரம்பித்தார். இத்தனை கஷ்டத்திலும் மனதைத் திடமாக வைத்திருப்பவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும், ஏலக் கொட்டகையில் ஒரு கூட்டம் போடுகிறோம், நீங்கள் பத்து நிமிடம் பேச முடியுமா என்றார். உன் அம்மா கையில் சோப்போடு நின்று என்னைப் பார்த்தாள். நுரை சொட்டுகிறது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். முடியாது என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் நான் என்ன சொல்வேன். தலையை ஆட்டிவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். உன் அம்மா சோப்பை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள், எந்தச் சட்டை போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தன்று கொட்டகை நிறைந்திருந்தது. முன் வரிசையில் என் படகு ஆட்கள், மாமா, நெட்டை, எல்லோரும் தலை சீவி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பெண்கள் பக்கத்தில் உன் அம்மா, பக்கத்தில் இவள், மடியில் புத்தகத்தோடு. அந்த அம்மா என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார். நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது இருந்தது, விடியற்காலையில் எழ வேண்டும், கெட்ட பழக்கம் கூடாது, குடும்பத்தோடு பேச வேண்டும் என்று. வாயைத் திறந்தேன். படகில் வந்தது போலவே வந்தது. ஒன்றும் வரவில்லை. பின்னால் யாரோ, மைக் வேலை செய்யவில்லை என்றான். பிறகு அவனும் அடங்கிவிட்டான், ஏனென்றால் முன் வரிசை அசையவே இல்லை. என் ஆட்கள் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, படகில் எப்படி நிற்பார்களோ அப்படி உட்கார்ந்திருந்தார்கள். மாமா தரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எழுந்து வந்து மைக்கை வாங்கி, இவருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஜெனரேட்டர் மேல் பழி போட்டவர்தானே. அவர் சொல்லவில்லை. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரியுமாம், எழுத வேண்டாம் என்றேன். கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்.

“நான் அன்னைக்குச் சொன்னது பொய். எனக்குத் தூக்கம் இல்ல. நிலா இல்லாத நாள்லயும் இல்ல.”

முதலில் சிரித்தார்கள். அன்றைக்குப் படுதாவுக்குள் சொன்ன மாதிரி நானும் ஏதோ வேடிக்கை சொல்கிறேன் என்று நினைத்துப் பின் வரிசையிலிருந்து பெரிதாகச் சிரிப்பு வந்தது, நிலாவில் போகாதவனுக்கு இருட்டிலும் லீவா என்று ஒருவன் கத்தினான். நெட்டை சிரிக்கவில்லை. அவன் எதற்கும் சிரிக்கிறவன், அவன் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மைக்கை மேஜையில் வைத்தேன், அது உருண்டு கீழே விழுந்து கொட்டகை முழுவதும் இரைந்தது. நான் இறங்கி நடு வழியாக நடந்து வெளியே வந்துவிட்டேன். எல்லோர் முழங்காலும்தான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வரும்போது உன் அம்மா இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று இவள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம். எனக்கு அப்படி ஆகவில்லை மகளே. நான்கு நாள் வாசல் பக்கம் வரவில்லை.

அந்த அம்மா மறுநாள் வந்தார். தப்பு என்னுடையதுதான், நிலாவைக் கேட்காமல் தூக்கத்தைக் கேட்டுவிட்டேன், இனி எல்லோரிடமும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்பில் கஷ்டமும் இருந்தது. அவரை நான் ஏமாற்றியது அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமைதோறும் இதற்கென்றே ஒரு டாக்டர் உட்காருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா இறால் கொட்டகையில் விடுப்பு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சுகாதார நிலையத்தில் பச்சை பெஞ்சு, பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஊசி போட வந்திருந்தாள், எதற்கு வந்தீர்கள் என்று என்னைக் கேட்டாள், நான் வயிறு என்றேன். உன் அம்மா, வயிறு இல்லை மனசு என்று திருத்தினாள், அந்தப் பெண்ணும், ஓ, அப்படியா, இந்தக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி என்று பேச்சைத் தொடர்ந்தாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் ஒல்லியான ஆள், காய்ச்சல் எப்போதிலிருந்து என்று கேட்பது போலக் கேட்டார். காரணம் கேட்கவில்லை. படகின் பின்பக்கம் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது வேறு ஏதாவது நினைப்பு வந்ததா என்று கேட்டார். வந்தது. அவரிடம் சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் புண் விரலோடு. உன்னிடம் இதற்கு மேல் சொல்ல எனக்கு முடியாது. அந்த நினைப்பு இப்போது இல்லை, வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரியும், அது போதும் உனக்கு.

(அக்கா, மேலே என் எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். எனக்கும் இது இப்போதுதான் தெரியும். விட மாட்டேன் என்று சொன்னதால் விடவில்லை.)

மாத்திரை கொடுத்திருக்கிறார். சில வாரம் கழித்துத்தான் வேலை செய்யுமாம், நடுவில் நிறுத்தக் கூடாதாம். வியாழக்கிழமைதோறும் போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மாத்திரையைத் தூண்டில் முள் வைக்கிற டப்பாவில் மறைத்து வைத்திருந்தேன். அதை எடுத்து உன் அம்மா அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள், வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில். உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஜாடியை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தாள். துறைமுகத்தில் எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது, நிலா என்று. டீக்கடைப் பக்கம் போனால் என்ன நிலா, இன்னைக்கு உதிக்குமா என்கிறான் ஒருவன். நெட்டை ஒரு நாள் வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், ஏதோ சொல்லப்போகிறான் என்று பார்த்தால் வலை தைக்கிற ஊசி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு மறுநாள் திரும்ப வந்து அதே ஊசியைக் கேட்டான். அவன் வீட்டில் ஊசி இல்லாமல் இல்லை. என்ன வேண்டும் என்று அவனாகச் சொல்லட்டும் என்று நானும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற இருட்டுக்குப் படகுக்கு வா என்கிறார் மாமா. பின்னால் நிற்க வேண்டாம், கயிற்றுப் பக்கம் நெட்டையோடு உட்கார் போதும் என்கிறார். டாக்டரும் தனியாக இல்லாவிட்டால் போகலாம் என்றுதான் சொல்கிறார். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவர்கள் பங்கைக் கெடுத்தவன் அவர்கள் நடுவில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது. போவேன் என்றும் எழுத வேண்டாம், போக மாட்டேன் என்றும் எழுத வேண்டாம் என்று இவளிடம் சொன்னேன், இரண்டையும் எழுதிவிட்டாள் பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேலையை விட்டு ஓடி வந்துவிடாதே. உன் இடத்தில் நீ இரு. அங்கே வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை, முதுகைப் பார்த்துக்கொள், வெறும் காலோடு ஈரத்தில் நிற்காதே, குளிருக்கு அந்தக் கனமான கோட்டு வாங்கினாயா என்று அம்மா கேட்கிறாள். நீயும் இப்போது ராத்திரி வேலைதான் பார்க்கிறாய். யாராவது உன்னை உட்கார வைத்து, தூக்கம் வருகிறதா என்று கேட்டால் என் மாதிரி குரலை உயர்த்திப் பதில் சொல்லாதே, உள்ளதைச் சொல். கேட்க யாரும் இல்லாவிட்டால் எனக்குச் சொல். எனக்கு இப்போது அதில் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. போனை நானே எடுப்பேன். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாலும் இருப்பேன், மைக் முன்னால் நின்ற மாதிரி. மூச்சுதான் கேட்கும். லைன் கிடைக்கவில்லை என்று நினைத்து வைத்துவிடாதே. என்னைத் தூண்டி விடாதே, பரவாயில்லை அப்பா என்று சொல்லாதே, எனக்காக நீ பேசி முடித்துவிடாதே. நீ படகுக்காரன் மகள், எப்படிக் காத்திருப்பது என்று உனக்குத் தெரியும்.

நீ எங்கே இருந்தாலும் உன் காலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கட்டும், உன் சாப்பாடு சூடாக இருக்கட்டும், உன்னை யாரும் தலைகுனிய வைக்காமல் இருக்கட்டும், உன் அப்பனும்தான். அம்மாவின் ஆசியும் இதிலேயே அடக்கம், தனியாகச் சொல்ல அவளுக்கு அழுகை வருகிறதாம், வெங்காயம் நறுக்குகிறேன் என்று சொல்கிறாள், கையில் வெங்காயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
பக்கத்தில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்ன உன் அப்பா

(அக்கா, கையெழுத்தை அப்பாவே போட்டார். பேனாவை மிகவும் அழுத்தினார், தாள் பின்பக்கம் புடைத்திருப்பதைத் தடவிப் பார்த்தால் தெரியும். முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். எந்த வரியையும் அடிக்கச் சொல்லவில்லை, கோப்பை விஷயத்தை மட்டும் எதற்கு எழுதினாய் என்று கேட்டார். அம்மா துண்டை எடுத்துக் கண்ணின் மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நானும் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நான் துண்டை விட்டுவிட்டு எழுந்து போய் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. அம்மா துண்டை விலக்கிப் பார்த்தாள், அவளும் பேசவில்லை. வெகு நேரம் நின்றேன். பிறகு அப்பா ‘ஆஃப்’ என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது. இந்தக் கடைசி வரிகளை ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டில் விளக்கை அணைத்தாகிவிட்டது.)